மறு: கடல் எல்லை ஆய்வை மீனவர் ஊரில் எப்படி எடுத்துச் சொல்வது?

வணக்கம். பாக் நீரிணை எல்லை குறித்த தங்கள் முனைவர் பட்ட ஆய்வை நாகை அக்கரைப்பேட்டையில் விளக்கியபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டதாகவும், மறுமுறை எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள்.

கோட்பாட்டை விட்டுவிட்டு, உடன்படிக்கைகளிலிருந்து தொடங்குங்கள். 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமின்றி முன்போலக் கச்சத்தீவுக்குச் சென்றுவர இடமளிக்கிறது. மீன்பிடிக்கும் உரிமை அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, வெளிப்படையான அனுமதியின்றி ஒரு நாட்டுப் படகுகள் மற்ற நாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. இவ்விரண்டையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, கூட்டத்துக்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொடுத்துவிட்டால், யாரும் எழுந்து போகமாட்டார்கள்; தங்களைத்தான் எளிதில் விடமாட்டார்கள்.

வரைபடத்தில் எல்லைக்கோட்டோடு நிறுத்தாமல், எத்தனை பாக (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் என்ன மீன் படும், வாடைக்காற்றில் வலை எந்தப் பக்கம் இழுபடும் என்பவற்றை அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். சட்டமும் கடலியலும் மானுடவியலும் அந்த வரைபடத்தில்தான் ஒன்றாகச் சேரும். இலங்கை 2017இல் இழுவை மடியை (கடலடியை வாரிச்செல்லும் வலையை) தடைசெய்ததைப் பற்றிப் பேசும்போது, விசைப்படகினரையும் நாட்டுப்படகினரையும் தனித்தனியே சந்திப்பது நல்லது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: படகுகளின் ஜி.பி.எஸ். தடங்களையோ ஆட்களின் பெயர்களையோ வெளியிடாதீர்கள். எல்லை தாண்டியதற்கான சான்றாக அவை ஒருநாள் மாறக்கூடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகினர் கரையில் இருப்பார்கள். கூட்டத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம்.