பழகிய தொட்டியில் புது ராஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் நாலடி நீளக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது, இரண்டு வருடமாக எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடுகிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி மீன், ஒரு சிக்ஸ்லைன் ராஸ் (ராஸ் என்பது ஒரு கடல் மீன் குடும்பம்), கொஞ்சம் பவளங்கள். போன மாதம் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஃபேரி ராஸ் வாங்கி, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு நேராக உள்ளே விட்டேன். சிக்ஸ்லைன் அதை நிற்கவிடாமல் துரத்தியது. மறுநாள் வால் கிழிந்து மூலையில் ஒதுங்கி நின்றது, நாலாம் நாள் இறந்துவிட்டது. இன்னொன்று வாங்க ஆசை, பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: படிக்கவே கஷ்டமாக இருந்தது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தண்ணீரில் குறை இருந்ததாகத் தெரியவில்லை, விட்ட விதத்தில்தான் தவறு. சிக்ஸ்லைன் விரல் நீள மீன்தான், ஆனால் இரண்டு வருடத்தில் அந்தத் தொட்டியின் ஒவ்வொரு பாறை இடுக்கும் அதற்கு அத்துப்படி, அந்த நாலடியும் தன்னுடையது என்றுதான் அது நினைக்கிறது. தன்னைப் போலவே உடம்பு உள்ள இன்னொன்று திடீரென்று வந்து நின்றால் விடுமா? கடலில் என்றால் துரத்தப்பட்டது வேறு பக்கம் ஓடிவிடும், சண்டை அத்தோடு முடிந்துவிடும். தொட்டியில் ஓட இடமில்லை, எங்கே திரும்பினாலும் மறுபடி அதன் கண்ணில்தான் படும். பயத்தில் ஒளிந்துகொண்டே இருக்கும் மீன் சாப்பிடாது. கிழிந்த வால் திரும்ப வளர்ந்துவிடும், பட்டினிதான் ஆளைக் கொல்கிறது.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: இரண்டும் ஒன்றையொன்று பார்க்கட்டும், ஆனால் தொட முடியாமல் பார்க்கட்டும். அதற்கென்றே துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டிகள் கிடைக்கின்றன, உள்பக்கக் கண்ணாடியில் மாட்டிவிடலாம். புது மீனை அதில் போட்டு, ஒளிந்துகொள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் வைத்து, ஐந்து நாளிலிருந்து ஒரு வாரம் வரை அப்படியே வைத்திருங்கள். முதல் நாள் சிக்ஸ்லைன் பெட்டியை விட்டு நகராது, துடுப்பை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்து வந்து மோதும். மூன்றாம் நாள் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். பெட்டிக்குப் பக்கத்திலேயே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இரை போடுங்கள். புதியது தைரியமாக மேலே வந்து மைசிஸ் இறாலைக் கொத்தித் தின்ன ஆரம்பித்து, பழையதும் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தால் திறந்துவிடலாம். ஒரு வாரம் கழித்தும் மோதிக்கொண்டே இருந்தால் திறக்காதீர்கள், நாள் கணக்கை விட மீனின் நடத்தைதான் முக்கியம்.

உங்கள் விஷயத்தில் நான் இதையே தலைகீழாகச் செய்வேன். சிக்ஸ்லைனைப் பிடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, ஃபேரி ராஸை வெளியே விடுவேன். ஒரு வாரத்தில் புதியது இடுக்குகளையெல்லாம் கற்றுக்கொண்டுவிடும், பழையது திரும்ப வரும்போது தொட்டியின் மேல் அதற்கிருந்த பிடி தளர்ந்திருக்கும். கூடவே ரெண்டு மூன்று பாறைகளை இடம் மாற்றிவிட்டால் எல்லைக்கோடு எல்லாம் அழிந்துபோகும் (பவளம் ஒட்டிய பாறை என்றால் வேண்டாம்). சிக்ஸ்லைனைப் பிடிப்பதுதான் பெரிய பாடு, வலையோடு துரத்தாதீர்கள், பெட்டியையே பொறியாக்கி உள்ளே இரை போட்டுக் காத்திருங்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சில சிக்ஸ்லைன்கள் என்ன செய்தாலும் இன்னொரு ராஸை ஏற்றுக்கொள்வதில்லை. அப்படி அமைந்தால் இரண்டில் ஒன்றை வேறொரு தொட்டிக்குக் கொடுத்துவிடுவதுதான் நியாயம். புதிதாகத் தொட்டி ஆரம்பிப்பவர்கள் சிக்ஸ்லைனைக் கடைசி மீனாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மூடி! ராஸ் துள்ளும், பயந்தால் கட்டாயம் துள்ளும், புதிதாக வந்த முதல் சில நாட்கள்தான் அதிக ஆபத்து. என் முதல் ஃபேரி ராஸை நான் இழந்தது அப்படித்தான். மேலே வலை போட்டிருந்தேன், ஹீட்டர் வயருக்காக மூலையில் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி விட்டிருந்தேன், சரியாக அதன் வழியாக வந்து தரையில் காய்ந்து கிடந்தது. அந்தச் சிவப்பு நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கால் அங்குலக் கண்ணுள்ள வலை போதும், ஆனால் எந்த மூலையிலும் சந்து இருக்கக் கூடாது.

அப்புறம் தனிமைத் தொட்டி. வாங்கியதை நேராகப் பெரிய தொட்டியில் விட்டால், வெள்ளைப் புள்ளி நோய் கூடவே வந்து உங்கள் பழைய மீன்களையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். நாலிலிருந்து ஆறு வாரம் தனியாக வைத்து, நன்றாகச் சாப்பிடப் பழக்கிய பிறகு கொண்டுவாருங்கள். கொழுத்த மீன் துரத்தலைத் தாங்கும், ஒட்டிய வயிற்றோடு வந்தது தாங்காது. அந்த நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பதாக இருந்தால் அளவைச் சில நாட்களில் மெதுவாக ஏற்றுங்கள், ராஸ்களுக்கு அது கொஞ்சம் ஒத்துக்கொள்ளாது. பவளம் இருக்கும் தொட்டியில் செம்பு ஒரு சொட்டுகூட வேண்டாம்.

பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெகுதூரம் பயணம் செய்து வந்த பையில் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும், ஆனால் மீன் விட்ட கரியமில வாயு பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) அளவைக் குறைத்து அதை அவ்வளவாக விஷமாகாமல் வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா விஷமாகிவிடும். திறந்த பிறகு ரெண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பது நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வதுதான். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சரிசெய்யுங்கள், பைத் தண்ணீரின் உப்பளவுக்கே தனிமைத் தொட்டியைத் தயார் செய்து வைத்து, திறந்ததும் தாமதிக்காமல் மீனை மாற்றிவிடுங்கள். உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி பைத் தண்ணீரில் 1.019, உங்கள் தொட்டியில் 1.025 என்றால், அந்த வித்தியாசத்தைத் தனிமைத் தொட்டியில் நாள் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: மஞ்சள் ராஸ் ஒன்றைத் தொட்டியில் விட்டேன். அரை மணி நேரத்தில் காணாமல் போனது, மூன்று நாளாகிறது. செத்திருக்குமா? மணலைக் கிளறிப் பார்க்கவா?

பதில்: கிளறாதீர்கள், தயவுசெய்து. மஞ்சள் ராஸ், லெபர்ட் ராஸ் இவையெல்லாம் மணலுக்குள் புதைந்து தூங்குபவை, பயந்தாலும் அங்கேதான் போகும். புது இடத்தில் சில நாள், சில சமயம் ஒரு வாரம்கூட வெளியே வராமல் இருப்பது சகஜம். வேறு நேர மண்டலத்திலிருந்து வந்த மீன் தன் பழைய பகல் இரவுக் கணக்கிலேயே கொஞ்ச நாள் இருக்கும், நீங்கள் தூங்கும்போது அது வெளியே வந்துவிட்டுப் போயிருக்கலாம். விளக்கு எரியும் நேரத்தைத் தினமும் ஒரே மாதிரி வைத்து, பகலில் கொஞ்சம் இரை போட்டுக் காத்திருங்கள். ஒரு நாள் மணல் லேசாக அசையும், முதலில் ஒரு கண் தெரியும், அப்புறம் மூக்கு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் முழுதாக எழுந்து வரும். மெல்லிய மணல் 5 செ.மீ. ஆழமாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், கூர்மையான பவளத் துண்டுகளில் புதைந்தால் உடம்பெல்லாம் கீறிவிடும். தனிமைத் தொட்டியிலும் இவற்றுக்கு ஒரு சின்ன டப்பாவில் மணல் வைக்க வேண்டும். செம்பு போட்டிருந்தால் பவள மணல் அதை உறிஞ்சிவிடும், அங்கே சிலிக்கா மணல்தான் சரி.

கேள்வி: இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது என் ஃபேரி ராஸைச் சுற்றிக் கண்ணாடிப் பை மாதிரி ஏதோ இருந்தது. நோயா?

பதில்: இல்லை. ஃபேரி, ஃப்ளாஷர், சிக்ஸ்லைன் வகையெல்லாம் மணலில் புதைவதில்லை, பாறை இடுக்கில் தன் வழவழப்பையே கூடாகச் சுரந்து அதற்குள் தூங்கும். காலையில் அந்தக் கூடு கிழிந்து தண்ணீரில் மிதக்கும். புதிதாக வந்த மீன் கூடு கட்டித் தூங்கியிருந்தால் சந்தோஷப்படுங்கள், தங்க ஒரு இடம் பிடித்துவிட்டது. டார்ச்சை அணைத்துவிடுங்கள்.