கையெழுத்துப் போடுமுன் எலிகளைப் பற்றிக் கேளுங்கள்

தம்பி, ஜெர்மனியின் மூனிக்கில் இரண்டு வருட போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை, கிடைத்திருக்கிறது, சுண்டெலிகளின் நடத்தையை வைத்து மனச்சோர்வை ஆராயும் வேலை, வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்குவது, ஜெர்மன் தெரியாமல் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாடகை அதிகம்தான். குளிருக்கான கோட்டு இங்கே வந்து வாங்குங்கள். இதையெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நீங்கள் கேட்காமல் விட்டதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் பேராசிரியரிடம் கேளுங்கள்: இந்தத் திட்டத்துக்கு விலங்குச் சோதனை அனுமதி வந்துவிட்டதா? அதில் என் பெயரைச் சேர்ப்பீர்களா? இங்கே விலங்குப் பாதுகாப்பு 2002 முதல் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஏன் எலிதான் வேண்டும், எத்தனை வேண்டும், அதற்கு எவ்வளவு வலி என்று பக்கம் பக்கமாக ஜெர்மனில் எழுதி அனுமதி வாங்க வேண்டும். நல்ல சட்டம், அதில் எனக்குக் குறையில்லை. அனுமதி கையில் இல்லாமலே ஆளை வரவழைப்பவர்கள் மேல்தான் கோபம். நான் 2009 நவம்பரில் வந்தேன். "விண்ணப்பம் போயிருக்கிறது" என்றார்கள். என் கைக்கு எலி வர 2010 ஜூன் ஆயிற்று. ஏழு மாதம் போனதற்காக ஒப்பந்தம் ஒரு நாள்கூட நீளவில்லை.

இன்னொன்று. முனைவர் பட்டத்துக்குப் பிறகு தற்காலிக ஒப்பந்தங்களில் பொதுவாக ஆறு வருடம்தான் இருக்கலாம் என்று இங்கே சட்டம். குழந்தை இருந்தால் நீட்டுவார்கள், எனக்கு அப்படித்தான் நீண்டது. வந்த முதல் நாளிலிருந்தே அந்த ஆறு வருடம் குறைய ஆரம்பித்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஏழு மாதமும் மற்றவர்கள் சோதனை செய்வதைப் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தேன். எலிகள் இரவில் ஓடியாடுபவை என்பதால் எலிக் கூடத்தில் விளக்கை மாற்றி வைப்பார்கள், நமக்குப் பகல் என்றால் அவற்றுக்கு இரவு. மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு, டிசம்பரில் நாலரை மணிக்கு வெளியே வந்தால் அங்கேயும் இருட்டு. மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை. அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம் என்று படித்தவள் நான், ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. நம்மவர்கள் யாரும் சொல்வதில்லை. இன்றும் பொங்கல் விழாவில் என்னை ஓரமாக அழைத்து, பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை, ஏதாவது மாத்திரை சொல்லுங்கள் என்பார்கள். நான் ஆராய்ச்சி செய்பவள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்றால், வெளியே தெரிந்துவிடுமே என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள் தம்பி. தூக்கம் கெட்டால் அந்த வாரமே போய்ப் பாருங்கள்.

அப்புறம் மொழி. பத்து வருடமாக ஆங்கிலத்திலேயே ஓட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் இங்கே உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் பேராசிரியர் ஆங்கிலம் பேசுவார். எலிகளைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஜெர்மன்தான் பேசுவார்கள், உங்கள் முடிவுகள் அவர்கள் கையில் இருக்கின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் போர்ட்லண்ட், ஆல்பனி, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே வகை எலிகளை, ஒரே கருவிகளில், ஒரே நாளில் தொடங்கிச் சோதித்தார்கள். அப்படியும் சில சோதனைகளில் முடிவு ஊருக்கு ஊர் மாறியது. 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், ஆண்கள் போட்ட சட்டையின் வாசனைக்கே எலிகள் பதறுவதைக் கண்டார்கள். எலியைச் சுற்றி நடக்கும் எல்லாமே உங்கள் அளவீட்டுக்குள் வந்துவிடும்.

என் முதல் அளவீடுகள் புதன்கிழமைகளில் மட்டும் தாறுமாறாக வந்தன. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எலிக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாளிடம் என் அரைகுறை ஜெர்மனில் கேட்டபோது ஒரே வரியில் சொன்னார்: செவ்வாய் மாலைதான் நாங்கள் கூண்டு மாற்றுகிறோம்.

அவரிடம்தான் நான் ஜெர்மன் படித்தேன். இப்போது எங்கள் நிறுவனத்தில் நடத்தைச் சோதனைக் கூடம் முழுக்க என் பொறுப்பு, அனுமதி விண்ணப்பங்களை நானே ஜெர்மனில் எழுதுகிறேன்.

அனுமதி வந்த அன்று, ஊரில் பழகியபடி எலியின் வாலைப் பிடித்துத் தூக்கப் போனேன். அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாலைப் பிடித்தால் எலிக்குப் பயம் கூடும், உள்ளங்கையில் ஏந்தினால் குறையும் என்று லிவர்பூல் ஆய்வாளர்கள் கட்டுரை எழுதியதும் அதே 2010இல்தான். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. என் இரண்டு கைகளையும் குவித்துக் கூண்டுக்குள் வைக்கச் சொல்லி, "லாங்ஸாம்" என்றார். மெதுவாக என்று அர்த்தம். நெடுநேரம் அப்படியே நின்றேன். கடைசியில் ஒரு கறுப்புச் சுண்டெலி மீசையால் என் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தானாகவே ஏறி உள்ளங்கையில் உட்கார்ந்தது.