ஓரம் அரியாத பலகை, இரும்புக் கால்: வாங்கு செய்வோரின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: மரத்தின் வளைவு நெளிவான ஓரத்தை அப்படியே விட்டு அரிந்த ஒற்றைப் பலகையில் இரும்புக் கால் பூட்டிய வாங்கு. எனவே சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வளவில் விழுந்த வேம்பை அரிந்து இரண்டு அங்குலத் தடிப்பில் பலகை எடுத்து வைத்திருக்கிறோம். தைப்பொங்கலுக்கு முன் வாங்கு செய்துவிடலாமா? (மல்லாவி)

வேண்டாம். காற்றில் காய்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பொதுவான கணக்கு. நம் பக்கத்து வெயிலும் சோளகமும் (தென்மேற்குக் காற்று) அதைக் குறைக்கும். ஆனால் அந்த வேகத்தைத்தான் நான் அஞ்சுகிறேன். வைகாசிக்குப் பிறகு அடிக்கிற காற்றில் பலகையை நேரே போட்டால் மேற்பக்கம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அந்த இழுபறியில் பலகை வெடிக்கும்.

ஈரம் மிக விரைவாக வெளியேறுவது இரண்டு முனைகளாலும்தான். அரிந்த அன்றே முனைகளுக்குப் பழைய பெயின்டையோ மெழுகையோ தடிப்பாகப் பூசுங்கள். அப்புறம் நிழலில், நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி, பலகைகளுக்கு இடையில் ஓர் அங்குலச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து அடுக்குங்கள். சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று நேர்கோட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அந்த இடத்தில் வளையும். மேலே பாரம் ஏற்றுங்கள். தகரக் கொட்டிலுக்குள் மத்தியான வெக்கை அதிகம், அங்கே வேண்டாம்.

காய்ந்ததை அறியக் கருவி தேவையில்லை. நெல் நிறுக்கிற தராசில் மாதம் ஒருமுறை பலகையை நிறுத்து, எடையைப் பலகையிலேயே எழுதி வையுங்கள். கோடையில் அடுத்தடுத்த மாதங்களில் எடை இறங்காமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

பட்டையோடு விட்டால் அழகாக இருக்குமே? (நெடுங்கேணி)

முதல் வருடம் அழகாக இருக்கும். மரம் சுருங்கும்போது பட்டை அதே அளவுக்குச் சுருங்காது, பிரிந்து வரும். அந்த இடைவெளிக்குள் பூச்சி குடியேறும். பட்டையை உளியின் முதுகாலோ மொட்டைக் கத்தியாலோ கிளப்பி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் ஓரத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் போதும். வளைவு கெடாது.

இன்னொன்று. ஓரத்தை விடுகிறோம் என்றால் வெளிறையும் (பட்டையை ஒட்டிய மென்மரம்) விடுகிறோம். வைரத்தை (நடுவிலுள்ள கடின மரம்) உளு என்ற மரம் துளைக்கும் பூச்சி எளிதில் தொடாது, வெளிறில்தான் மாவு கொட்டும். அரிந்த உடனே, பலகை பச்சையாக இருக்கும்போதே, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை ஓரங்களுக்கு இரண்டு மூன்று முறை பூசிவிடுங்கள். ஈர மரத்தில்தான் அது உள்ளே இறங்கும்.

முதிரைப் பலகையைத் தேய்த்த பிறகு கையும் கழுத்தும் தடித்துச் சொறிகிறது. (கனகராயன்குளம்)

அது முதிரையின் குணம். அதன் தூள் பலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கும். முழுக்கைச் சட்டை, முகக்கவசம், காற்றோட்டமான இடம். வேலை முடிந்ததும் உடனே குளியுங்கள். தடிப்பு மாறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மரத்தைத் தேய்க்கும் வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது, ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த முறை கூடுதலாக வரக்கூடும்.

ஐயா, வெல்டிங் கடையில் கால் செய்து இறுக்கிப் பூட்டினேன். கோடை தொடங்கியதும் பலகை நடுவில் பிளந்துவிட்டது. மரம் கூடாதா, கால் கூடாதா? (முழங்காவில்)

இரண்டும் நல்லவை, பூட்டிய முறைதான் பிழை. மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் அசையும். 15 அங்குல அகலப் பலகை கோடைக்கும் மாரிக்கும் இடையில் மூன்று நான்கு மில்லிமீற்றர் விரிந்து சுருங்கக்கூடும். இரும்பு அதற்கு இடம் கொடுக்காவிட்டால் மரம்தான் தோற்கும்.

காலின் தலையில் வைக்கிற தட்டை இரும்பில் நடுத்துளையை மட்டும் வட்டமாக விடுங்கள். இரண்டு பக்கத் துளைகளையும் பலகையின் அகலவாக்கில் நீட்டி, 8 மில்லிமீற்றர் திருகாணிக்கு 16 மில்லிமீற்றர் நீளமாக எடுக்கச் சொல்லுங்கள். அகன்ற வொஷர் போட்டு, பிடிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முதிரை, பாலை போன்ற மரங்களில் முதலில் 6 மில்லிமீற்றர் துளை போட்டு, திருகாணிக்குச் சவர்க்காரம் தடவி இறக்குங்கள். நேரே இறக்கினால் திருகாணியின் தலை முறியும்.

காலுக்கு 40க்கு 40 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்), 2 மில்லிமீற்றர் கனம் போதும். கல்வனைஸ் குழாய் என்றால் ஒட்டும் இடத்தில் நாகப் (துத்தநாகம்) பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே வெல்டிங், அந்தப் பூச்சு எரியும் புகை காய்ச்சலைக் கொண்டு வரும். ஐந்தடி வாங்குக்கு முனையிலிருந்து ஓரடி உள்ளே கால் நிற்கட்டும். இருக்கை உயரம் பலகையோடு சேர்த்து 17 அல்லது 18 அங்குலம். அன்டி கொரசிவ் (துருவைத் தடுக்கும் பெயின்ட்) பூசிக் காய்ந்த பிறகே மரத்தோடு சேருங்கள். மருது போன்ற மரங்களில் வெறும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுப்புக் கறை ஏறும்.

பிளந்த பலகையை எறிய வேண்டாம். பிளவு வளராமலிருக்க, குறுக்கே உடுக்கை வடிவக் கட்டை ஒன்றைப் பதியுங்கள். கட்டையின் ரேகை பிளவுக்குக் குறுக்காக ஓட வேண்டும். தடிப்பில் பாதி ஆழம் போதும்.

எங்கள் காணியில் நின்ற பாலையை மரக்காலையில் அரிய மறுக்கிறார்கள். உள்ளே ஷெல் துண்டு இருக்கும் என்கிறார்கள். (புதுக்குடியிருப்பு)

அவர்கள் பயப்படுவது நியாயம். 2009 வரை நடந்த யுத்தத்தில் நின்ற மரங்கள் வாங்கிய இரும்பை வளர்ச்சி மூடிவிட்டது. வெளியே தழும்பு மட்டும் தெரியும், சில மரங்களில் அதுவும் தெரியாது. ஓடுகிற வாள் இரும்பில் பட்டால் பல் முறிந்து தெறிக்கும், அரிகிறவரின் கண்ணும் கையும் போகும்.

காந்தம் மேலோட்டமாக இருக்கும் இரும்பை மட்டும் காட்டும். செம்பு உறை போட்ட ஈயச் சன்னத்தை (துப்பாக்கிக் குண்டு) அது காட்டவே காட்டாது. கையில் பிடிக்கிற உலோகம் காட்டும் கருவியால் பட்டை உரித்த மரத்தைச் சுற்றிலும் பாருங்கள். அரிந்த ஒவ்வொரு பலகையையும் மறுபடி பாருங்கள். முனையில் கருநீலக் கறை நீளவாக்கில் ஓடினால் அந்த வரியில் இரும்பு இருக்கிறது என்று எடுங்கள். சிறு துண்டை உளியால் சுற்றி வெட்டி எடுக்கலாம். ஆனால் உருண்டையாகவோ குழலாகவோ முழுசாக ஏதாவது தெரிந்தால் தட்டாதீர்கள், தோண்டாதீர்கள். எல்லோரையும் விலக்கிவிட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

துண்டு எடுத்த குழியையும் கறையையும் மாவடைத்து மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காணியில் உங்களோடு நின்ற மரம் அது. குழியைச் சுத்தமாகத் தேய்த்து, விளிம்பை மழுக்கி விட்டுவிடுங்கள்.

சொந்த வளவு மரத்துக்கும் அனுமதி வேண்டுமா? (துணுக்காய்)

பலா, ஈரப்பலா, பெண் பனை என்றால் வெட்டவே பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. முதிரை, பாலை போன்றவற்றை ஏற்றி இறக்கப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். வெட்டுவதற்கு முன்பே கிராம அலுவலரைக் கேளுங்கள். குளக்கட்டு மருது யாருடைய வளவு மரமும் அல்ல, அதில் கை வைக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா? கழிவு ஓயில்? (பூநகரி)

தேங்காய் எண்ணெய் உலராது, பிசுபிசுத்து நாறும். கழிவு ஓயில் வேலிக் கட்டைக்குச் சரி, உட்காருகிற பலகையில் சேலையும் வேட்டியும் கறையாகும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சைக் கொடுங்கள். வெளியே நிற்கும் வாங்குக்கு ஒவ்வொரு புரட்டாதியிலும், மழைக்கு முன், ஒரு பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.