சிரிஞ்ச் பம்ப்புக்குத் தனிக் காசா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன். வலி மருந்தைத் துல்லியமாக அளந்து ஏற்றும் கம்ப்யூட்டர் பம்ப்புக்குத் தனியாக 6,000 ரூபாய் என்கிறார் பேக்கேஜ் பேசியவர். நடுவில் மெஷின் கோளாறானால் மருந்து மொத்தமாக உள்ளே போய்விடுமா?

அந்தப் பயம் வேண்டாம். உள்ளே இருப்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. 50 மில்லி சிரிஞ்சைப் படுக்கவைத்து மாட்டுவார்கள். அதன் பின்பக்கத் தண்டை ஒரு மோட்டார் துளித்துளியாகத் தள்ளும். மோட்டார் நின்றால் மருந்தும் நின்றுவிடும். கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது. டியூப் மடங்கினால் கீ கீ என்று கத்தும்.

நான் பயப்படுவது எண்ணைத் தட்டும் விரலுக்குத்தான். ஃபென்டனில் என்ற வலி மருந்தை மைக்ரோகிராமில் அளப்போம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. மில்லிக்கு 10 மைக்ரோகிராம் என்று கலந்து, மணிக்கு 6 மில்லி வைக்க வேண்டிய இடத்தில் 60 என்று தட்டிவிட்டால்? சொன்னபடி பத்து மடங்கைத் துல்லியமாக ஏற்றும்! அம்மாவின் முகம் அதற்குத் தெரியாது. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக் கூட்டிக் குறைப்பது பக்கத்தில் நிற்கும் மயக்க மருத்துவர்.

கம்ப்யூட்டர் பம்ப் என்பதில் ஒரு படி கூடுதல். வயது, எடை, உயரம் கொடுத்தால், ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கும் என்று தானே கணக்குப் போட்டு வேகத்தை மாற்றிக்கொள்ளும். ரத்தத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை, வெறும் கணக்கு. அந்த எடையையே பல வார்டுகளில் "சுமார் 60 போடு சிஸ்டர்" என்றுதான் எழுதுகிறார்கள். அம்மாவைத் தராசில் நிற்க வைத்து எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 6,000. பேக்கேஜ் பேசுகிறவர்கள் மெஷின் பெயரைச் சொல்லித்தான் விற்பார்கள். மயக்க மருத்துவர் யார், ஆபரேஷன் முடியும்வரை அதே தியேட்டரில் இருப்பாரா, இல்லை இரண்டு டேபிளுக்கு நடுவே ஓடுவாரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தால் இன்னொன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலில் இன்ஃபியூஷன் பம்ப், அதாவது இப்படி மருந்து ஏற்றும் பம்ப், சிகிச்சைச் செலவுக்குள்ளேயே அடங்கும் இனம். தனி ஐட்டமாகப் பில்லில் போட்டால் என்ன கணக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "டாக்டர் சொன்னார்" என்பார்கள். டாக்டரிடம் போனால் "பில்லிங்கில் கேளுங்க."

சாதாரணப் பித்தப்பை ஆபரேஷனுக்குக் கம்ப்யூட்டர் பம்ப் கட்டாயமில்லை. மயக்க மருத்துவர் கையாலேயே ஊசியில் சிறிது சிறிதாகக் கொடுத்து நன்றாகவே முடிக்கலாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். அம்மா குறட்டை விடுவாரா? வெறும் குறட்டையைச் சொல்லவில்லை. குறட்டை சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் சில நொடி கிடந்து, திடுக்கென்று இழுத்து மூச்சு வாங்குவாரா? பகலில் டிவி முன்னால் உட்கார்ந்தபடி தூங்கிவிழுவாரா? இப்படிப்பட்டவர்களுக்கு இந்த வகை வலி மருந்து மூச்சை இன்னும் மந்தப்படுத்தும். தியேட்டரில் பத்துக் கண் பார்க்கும். எனக்குக் கவலை அன்று இரவு வார்டில். அவருக்கு விரலில் ஆக்சிஜன் கிளிப் விடியும்வரை இருக்க வேண்டும், தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும், தூக்க மாத்திரை கூடாது. பக்கத்தில் படுக்கிற உங்கள் அப்பாவைக் கேளுங்கள், அம்மாவைக் கேட்டால் "நானா குறட்டை?" என்பார்.

இதையெல்லாம் மயக்க மருத்துவரிடம் முந்தின நாளே சொல்ல வேண்டும். காலையில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு வந்து "ஏதாவது அலர்ஜி இருக்கா?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிப் போவதற்குப் பெயர் செக்கப் இல்லை.