பழைய காரின் ஆயில் கசிவை 'ஸ்டாப் லீக்' திரவம் எப்படி நிறுத்துகிறது?

எஞ்சின் ஆயிலோடு கலந்து ஊற்றும் 'ஸ்டாப் லீக்' திரவங்களில் பெரும்பாலானவை ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை (சீல்) மென்மையாக்கிச் சற்றே உப்ப வைப்பவை.

பல ஆண்டுகள் சூட்டில் வெந்த ரப்பர் இறுகிச் சுருங்குகிறது. சுழலும் தண்டை அது முன்போல் கவ்விப் பிடிப்பதில்லை. அந்த இடுக்கில் ஆயில் வழிகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இங்கும் அதுதான் நடக்கிறது. ரப்பர் ஊற நேரம் பிடிப்பதால், பலன் தெரியச் சில நாள் வண்டியை ஓட்ட வேண்டியிருக்கும்.

கிழிந்த சீல், விரிசல் விட்ட ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), தேய்ந்த தண்டு ஆகியவற்றுக்கு இது உதவாது. ஊற்றும் முன் ஆயில் வடிக்கும் போல்ட்டும் ஆயில் ஃபில்டரும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். காசு செலவில்லாமலே தீரக்கூடிய கசிவுகள் அவை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தாலும் உள்ளழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலை வெளியே தள்ளும்.

இரண்டு பாட்டில் ஊற்றினால் சீக்கிரம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அளவு மீறினால் ரப்பர் மிகவும் தளர்ந்து கசிவு கூடவும் செய்யலாம்.