கேட்டீர்கள், சொல்கிறேன்: சாமான் தூக்கும் பொம்மைகள்

கேள்வி: ஐயா, என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் குளித்துச் சாப்பிட்டுவிட்டு 'பிக்மின்' என்ற ஆட்டத்தோடு உட்கார்ந்துவிடுகிறான். அவன் பிறப்பதற்கு முன்பே வந்த ஆட்டமாம். சுடுவதும் இல்லை, கார்ப் பந்தயமும் இல்லை. கீரைக்கட்டு மாதிரி பொம்மைகள் ஏதோ சாமான் தூக்கிக்கொண்டு போகின்றன. இதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, ஈசூன்

பதில்: கீரைக்கட்டு என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன் அம்மா. முள்ளங்கி என்றால் இன்னும் பொருத்தம். உடம்பு மண்ணுக்குள், தலையில் ஓர் இலை மட்டும் வெளியே. இலையைப் பிடித்து இழுத்தால் 'பொளக்' என்று ஆள் வந்துவிடும்.

நான் ஜூரோங்கில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எவன் லாரியில், எவன் ஃபோர்க்லிஃப்டில், இன்றைக்கு எவன் எம்சி (மருத்துவ விடுப்பு), இதுதான் என் பிழைப்பு. 2002இல் சிம் லிம் ஸ்குவேரில் மகனுக்காகக் கேம்கியூப் என்ற வீடியோ ஆட்டக் கருவி வாங்கினேன், கூடவே அதற்கு முந்தைய வருடக் கடைசியில் வந்திருந்த இந்த பிக்மின். அவன் இரண்டே நாளில் அலுத்துப்போய் எழுந்துவிட்டான். நான் எழவில்லை.

கதை சின்னது. ஒலிமார் என்று ஒரு விண்வெளிக்காரர், இரண்டு சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. விண்கல் மோதி அவருடைய கப்பல் 30 பாகங்களாகச் சிதறிவிடுகிறது. உயிர்காக்கும் கருவி 30 நாள்தான் தாங்கும். அதற்குள் பாகங்களைச் சேர்க்க வேண்டும், ஆனால் அவரால் ஒன்றைக்கூடத் தனியாகத் தூக்க முடியாது. தூக்குவதற்குத்தான் உங்கள் கீரைக்கட்டுகள். சிவப்பு நெருப்புக்கு அஞ்சாது. நீலம் தண்ணீரில் மூழ்காது. மஞ்சள் வெடிகல்லை எடுத்துப்போய்க் கற்சுவரை உடைக்கும். களத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறக்க முடியாது.

கிடங்கு ஆளான நான் விழுந்தது எங்கே தெரியுமா? ஒவ்வொரு சாமான் மேலும் இத்தனை பேர் வேண்டும் என்று ஓர் எண் இருக்கும். முதலில் கிடைக்கும் எஞ்சினுக்கு 20. பத்தொன்பது பேர் போய்ப் பிடித்தால் அது அசையவே அசையாது. இருபதாவது ஆள் கைவைத்ததும் கிளம்பும். இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் அந்தப் பத்துப் பேர் அந்நேரம் பாலம் கட்டியிருக்கலாமே! ஒரு சாமான் வந்து சேர்வதற்குள் அடுத்த சுவர் உடைந்திருக்க வேண்டும், பூச்சியை முன்கூட்டியே ஒழித்து வழியைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். உங்கள் மகன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை அம்மா, மூன்று இடத்தில் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறான். இதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவுக்குத் தோட்டத்தில் எறும்புகள் ஊர்ந்து போவதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். நம் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்தால் இலவசமாகவே பார்க்கலாம்.

ஆட்டத்தில் ஒரு பகல் என்பது ஏறக்குறைய 13 நிமிடம். கோப்பிக்கடையில் வாங்கிவந்த தே ஓ (பாலில்லாத் தேநீர்) ஆறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இருட்டும் முன் எல்லாரையும் விசில் ஊதி அழைத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஒரு பாகம் வந்த குஷியில் பாலம் கட்டப் போன 37 சிவப்பு ஆட்களை மறந்தே போனேன். கப்பல் மேலே கிளம்புகிறது, கீழே அந்தச் சின்ன உருவங்களைப் பூச்சிகள் துரத்துகின்றன. சமையலறை வாசலில் நின்று பார்த்த என் மனைவி, "உங்க ஆளுங்கள விட்டுட்டு நீங்க மட்டும் வண்டி ஏறிட்டீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. அதற்குச் சில வருடம் முன்பு துவாஸில் இரண்டு பையன்களை ஏற்ற மறந்து லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இரவு ஒன்பதரைக்கு நானே டாக்சி பிடித்துப் போய், நாசி லெமாக் வாங்கிக்கொடுத்துக் கூட்டிவந்தேன். மனைவிக்கு அது தெரியும்.

அந்த 30 நாள் கெடுவைப் பலர் திட்டுவார்கள். 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் கெடுவையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பிக்னிக் மாதிரி இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எவன் கணக்குப் போடுவான்? முதல் பாகத்தில் கெடு தவறினால் என்ன ஆகும் என்று மகனைக் கேளுங்கள். கப்பல் எழும்பி விழும். பிறகு ஒலிமாரே தலையில் இலையோடு மண்ணில் முளைத்து நிற்பார். குழந்தைகள் ஆட்டத்தில் இப்படியொரு முடிவா என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு யோசனை: சனிக்கிழமை அவன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த நாலு பேர் ஏன் சும்மா நிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதறிப்போவான்.

கேள்வி: தாத்தா, நானும் சுவிட்ச் என்ற ஆட்டக் கருவியில் முதல் பிக்மின் ஆடுகிறேன். 12 நாள் முடிந்துவிட்டது, 7 பாகம்தான் சேர்ந்திருக்கிறது. திரும்ப முதலிலிருந்து ஆடட்டுமா?
– 11 வயது வாசகர், பிடோக்

பதில்: வேண்டாம்டா கண்ணா. 30 பாகத்தில் 25தான் கட்டாயம். உன்னிடம் உள்ள ஏழும் அந்தக் கட்டாயக் கணக்கில் இருந்தால், பாக்கி 18 பாகம், பாக்கி 18 நாள். இறுக்கம்தான், ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று பாகம் கொண்டுவர முடியும். அப்புறம், இலையாக இருக்கும்போதே அவசரப்பட்டுப் பிடுங்காதே. கொஞ்சம் மண்ணிலேயே விடு, மொட்டாகிப் பூவாகும். பூ வைத்தவன்தான் வேகமாக ஓடுவான். தண்ணீரில் சிவப்பு ஆள் தத்தளித்தால் உடனே விசில் ஊது, கரையேறி வருவான். முதலில் வீட்டுப்பாடத்தை முடி.