மதுரைக்கு ஏன் சிங்கப்பூர் நிறுவன விமானம் வருவதில்லை?

வணக்கம். சிங்கப்பூர் விமானம் ஏற, நடக்க இயலாத அம்மாவைத் திருச்சி வரை காரில் அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், மதுரைக்கும் விமானம் இயக்கும்படி சிங்கப்பூரின் ஸ்கூட் விமான நிறுவனத்துக்கு மனு எழுதப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் அந்த மனு சேர வேண்டிய இடம் அதுவன்று.

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, எந்த நாட்டின் விமான நிறுவனமும் இன்னொரு நாட்டின் அனுமதியின்றி அங்கு வழக்கமான சேவை நடத்த முடியாது. அந்த அனுமதியை இரு நாட்டு அரசுகளே பேசி, இருதரப்பு ஒப்பந்தமாக முடிவு செய்கின்றன: வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்கள் என்று. இந்தியா சிங்கப்பூருக்கு அளித்த ஊர்ப் பட்டியலில் திருச்சியும் கோவையும் உண்டு, மதுரை இல்லை. இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது. அதனால்தான் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மதுரையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்க முடிந்தது. கொழும்பு விமானம் மதுரைக்கு வருகிறதே என்று கேட்கலாம். இலங்கையுடன் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு; அதில் மதுரைக்கு இடம் உண்டு.

வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தால் நம் நிறுவனங்கள் நசியும் என்பது அரசுத் தரப்பின் நெடுநாள் அச்சம். மதுரையைப் பொறுத்தவரை அதை நான் ஏற்கவில்லை. எனவே மனுவை ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுதுங்கள்; அதன் நகலை உங்கள் மக்களவை உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ‘இருதரப்பு ஒப்பந்தத்தில் மதுரையைச் சேர்க்க வேண்டும்’ என்ற சொற்கள் அதில் தவறாமல் இருக்கட்டும்.